வலது பக்கத்து ஷாக் அப்சார்பர்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். அதில் ஐந்து நாள் ஒரே ஒரு போல்ட்டுக்குப் போயிற்று. வங்கி வேலை, ஆதாரில் முகவரி மாற்றம், பட்டா நகல் எல்லாம் போன வேகத்தில் முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் போல்ட்டைப் பற்றி மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குடிமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவிடம் 2014ஆம் வருடத்துப் பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சிக்குத் தேங்காய் போவதும், பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலிருந்து தென்னைக்குக் கோழி எரு வருவதும் அதில்தான். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்ததும் அதே வண்டிதான். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் மூன்று நான்கு முறை எழும்பி எழும்பி அடங்கியது. அம்மா முன்கைப்பிடியை விடவே இல்லை. இடுப்பு வலிக்காரி, வாய் திறந்து சொல்லவும் மாட்டாள்.

"பட்டை போய்விட்டது போல இருக்கிறது கண்ணு. காலி வண்டி அப்படித்தான் ஆடும்" என்றார் அப்பா.

பட்டை போகவில்லை. பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அது குதிப்பதை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் போய்வரும் தடையில்தான் அந்தக் குதிப்பு அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கனடாவில், ஒன்டாரியோவில், எங்களிடமும் ஒரு பிக்கப் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், வண்டியின் அடிப்பாகம் பத்து வருடத்தில் அரித்துப்போகிறது. இரண்டு வருடத்துக்கு முன் நானும் என் கணவரும் வீட்டு வாசலில் படுத்து, பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினோம். கீழ்ப் போல்ட் கால் மணி நேரம். மேல் போல்ட்டுக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது. பிக்கப் வண்டிகளில் அந்த மேல் போல்ட் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும் சரக்குப் பெட்டியின் தளத்துக்கும் இடையில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்தால் கை போகாது. கை போனால் ஸ்பேனர் திரும்பாது.

அப்பாவுக்கு அடுத்த மாதம் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டியிருந்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஆண்டு அந்த வேலை இருக்கிறது. சரி, நான் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் நேரம் வாங்கினேன்.

கண்ணாடிச் சுவர், குளிர்ந்த அறை, கேட்காமலே காபி. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது வண்டியை விட்டுவிட்டுப் பட்டறை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருப்போம். இங்கே கேள்வி கேட்டது நான், பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே வந்தது. "இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் சார். நாளைச் சாயங்காலம் ரெடி." மேல் போல்ட் துருவேறியிருக்கும், முதலில் பாருங்கள் என்றேன். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் மேடம்." அந்தப் பதிலில் நான் பேச்சை நிறுத்தியிருக்கக் கூடாது.

மறுநாள் கழுவித் துடைத்துத் தந்தார்கள். பில் 7,240 ரூபாய். ஷாக் அப்சார்பர் இரண்டு, மாட்டுக் கூலி இரண்டு பக்கத்துக்கும் தலா 1,100. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். ஒன்டாரியோவில் அது பழக்கம். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கழற்றியதைத் திருப்பித் தருவதாகப் பட்டறைக்காரர்தான் முதலில் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுத்த மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் பில் போகக் கூடாது, செய்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் பொறுப்பு என்பதெல்லாமும் அதில் உண்டு. இங்கே கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்னொன்று? "பழைய இரும்பில் போய்விட்டது மேடம்."

திரும்பி வரும்போது ஆட்டம் குறைந்திருந்தது. ஆனால் வண்டி வலது பக்கமாகத் தோளைக் குலுக்குவது போல ஒரு அசைவு. பள்ளத்தில் இறங்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்பா வானொலியைக் கூட்டி வைத்தார்.

காலையில் தோட்டத்து வீடான சாளையின் வாசலில் சாக்கை விரித்து, கைபேசி விளக்கோடு வண்டிக்கு அடியில் போனேன். இடது பக்கம் புதிது; ஒட்டிய தாள்கூட அப்படியே இருந்தது. வலது பக்கமும் கறுப்பாகப் பளபளத்தது. விரலை வைத்தேன், விரலில் பெயிண்ட் வந்தது. பெயிண்டுக்கு அடியில் எண்ணெயில் ஊறிய பழைய மண். விளக்கை மேலே திருப்பினேன். அந்த மேல் போல்ட்டின் நட்டில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது, ஒரு ஸ்பேனர் பட்ட தடமில்லை.

ஒரு போல்ட் கழலவில்லை என்றால் அதில் குற்றமே இல்லை. எனக்கும் கழலவில்லை. "முடியவில்லை, இன்னும் இரண்டு நாள் ஆகும்" என்று சொல்லியிருந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்திருப்போம். கழற்ற முடியாததற்குப் பெயிண்ட் அடித்து, அதற்குக் கூலியும் போட்டு, கழுவித் துடைத்துக் கையில் கொடுத்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த வண்டி 1,500 தேங்காயோடு ஏறி இறங்குவது. பக்கத்தில் உட்கார்ந்து போவது என் அம்மா.

மறுபடியும் கோயம்புத்தூர். வண்டிக்கு அடியில் எடுத்த படங்களைக் கைபேசியில் காட்டினேன். மேலாளர் நீண்ட நேரம் பார்த்தார். வலது பக்கம் டீசல் டேங்க் இடிக்கிறது, மேல் போல்ட் எட்டவில்லை, சரக்குப் பெட்டியை அவிழ்த்துத் தூக்கினால்தான் வேலை நடக்கும் என்றார். அது பில் போடும்போது தெரியாதா என்றேன். பதில் இல்லை. உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்துப் பிரிக்காத அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இரும்புக் கடைக்குப் போனதாகச் சொன்னது பழையது. புதியது அலமாரியில்தான் இருந்திருக்கிறது. ஒரு பக்கக் கூலியும் திரும்ப வந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நான் ஆரம்பித்தேன். அப்பா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "விடு கண்ணு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா." இந்த 'விடு'வின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்த நிலையத்தின் மேல் இருப்பதைவிடக் குறைவில்லை. நாம் விட விடத்தான் அவர்கள் பெயிண்ட் டப்பாவை எடுக்கிறார்கள்.

நால்ரோட்டைத் தாண்டி, காற்றாலைகளுக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அப்பா பத்து வருடமாகப் போய்வரும் பட்டறை. நான் 'பெரிய இடம்' என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் முதல் நாளே அங்கேதான் போயிருப்பார். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். "வாங்கம்மணி, கனடாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று என்னிடம்தான் முதலில் பேசினார். பிறகு எதுவும் கேட்காமல் அட்டையை விரித்து அடியில் படுத்தார். வெளியே வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் கோழி எரு ஏற்றுகிறீர்களா அண்ணா?"

ஏற்றுகிறோம். எரு ஈரமாக இருந்தால் அதிலிருந்து வரும் நீரும் ஆவியும் தளத்து இடுக்குகள் வழியாக இறங்கி, காற்றுப் படாத அந்த மூலையில்தான் தங்குமாம். கீழ்ப் போல்ட் நன்றாக இருக்க, மேல் போல்ட் மட்டும் அரித்திருப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்டாரியோவில் சாலை உப்புச் செய்கிற வேலையை இங்கே எரு செய்திருக்கிறது. ஏற்றி இறக்கிய அன்றே தளத்தைக் கழுவி, அடியிலும் தண்ணீர் பீய்ச்சச் சொன்னார்.

காஸ் வைத்துச் சூடாக்கினால் சீக்கிரம் இளகுமே என்றேன். தலையை ஆட்டினார். ஒரு சாண் தள்ளி டீசல் டேங்க், அதற்கும் இந்தப் பக்கம் பிரேக் குழாய். "நெருப்பு வேண்டாம், ஊறட்டும்" என்று டீசலில் எண்ணெயைக் கலந்து நட்டின் மேல் மூன்று முறை விட்டார். "தேங்காய் மட்டை ஊறுகிற மாதிரிதான். அவசரப்பட்டால் நார் வராது."

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் போனோம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஏற்றி, அச்சுக்கு அடியில் தனியாக ஜாக்கி வைத்தார். ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் அச்சு கீழே தொங்கிப் பிரேக் குழாயை இழுத்துவிடக் கூடாது. ஸ்டெப்னியை இறக்கினார், சக்கரத்தைக் கழற்றினார். அதற்குப் பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். 19ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர். தலையை அறுத்து, பக்கவாட்டில் வளைத்து, ஒன்றரை அடிக் கம்பியில் பற்றவைத்திருந்தது. கம்பியும் நேராக இல்லை, இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. சங்ககிரியில் லாரிப் பட்டறையில் தொழில் பழகிய காலத்தில் வேறொரு வண்டிக்காகச் செய்ததாம். அதற்குப் பிறகு இரண்டு முறை நெளிவை மாற்றியிருக்கிறார். டேங்குக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள விரற்கடை அகலத்தில் அது பாம்பு புற்றுக்குள் போவதைப் போலப் போய் நட்டில் உட்கார்ந்தது.

முதலில் அவர் தளர்த்தவில்லை, இறுக்கினார். ஒரு நூல் அளவு இறுக்கித் துருவை உடைத்துவிட்டுப் பிறகு தளர்த்தத் திரும்பினார். ஒரு கீச்சுச் சத்தம். மறுபடி எண்ணெய், மறுபடி இறுக்கு, மறுபடி தளர்த்து. நாற்பது நிமிடத்தில் நட் கையில் வந்துவிட்டது. நான் கைதட்டியே விட்டேன். அவர் முகம் மாறவில்லை. "நட் வந்துவிட்டது, போல்ட் வரவில்லை அம்மணி."

போல்ட் நுழையும் வளையத்தில் அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிப்போயிருந்தன. சுத்தியலால் அடிக்க அங்கே இடமில்லை. ஒரு முனையில் துணி சுற்றிய ஆக்சா பிளேடை விரல்களுக்கு இடையில் பிடித்து அறுக்க ஆரம்பித்தார். ஒரு இழுப்புக்கு இரண்டு அங்குலம்தான் இடம். அவர் கை ஓய்ந்தால், ஒடிசாவிலிருந்து வந்து நான்கு வருடமாக அங்கே இருக்கும் பையன் படுத்துக்கொள்வான். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தொழில் பழக இவன் ஒருவன்தான் மிச்சம். மேஸ்திரியிடம் அவன் பேசுகிற தமிழில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' இருந்தது. நான்கு பிளேடு முறிந்தது. பதினொன்றரைக்குப் பழைய ஷாக் அப்சார்பர் மண்ணில் விழுந்தது. எடுத்து இழுத்துப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லை.

புதியதை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ஆறேழு முறை முழுக்க இழுத்து அமுக்கினார். படுத்துக் கிடந்ததில் உள்ளே புகுந்த காற்று வெளியேற வேண்டும். இடது பக்கத்தில் அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது. போல்ட் புதிது, ஹைடென்சில் என்ற வலுவான வகை, உடுமலையிலிருந்து வரவழைத்தார். தண்டில் மட்டும் கிரீஸ் தடவி, கையால் முறுக்கி விட்டுவிட்டார். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே இறுதியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எங்கள் ஒன்டாரியோ வண்டியின் கையேட்டில் இதே விஷயம் தடித்த எழுத்தில் இருக்கிறது. நானும் என் கணவரும் அதை இரண்டாவது முறை கழற்றும்போதுதான் படித்தோம். அவர் கையேட்டைப் பார்த்ததே இல்லை. "வண்டி தன் காலில் நிற்க வேண்டும் அம்மணி, அப்போதுதான் முறுக்கு சரியாக இருக்கும்" என்றார்.

ஒன்டாரியோவில் இந்தத் தொழிலுக்கு 310எஸ் என்ற சான்றிதழ் வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறையில் மணிக்கு 140 டாலர். அங்கே வண்டி தலைக்கு மேல் நிற்கும், மெக்கானிக் நின்றுகொண்டு வேலை செய்வார். இவர் இரண்டு நாள் மண்ணில் படுத்ததற்குக் கேட்டது 900 ரூபாய். ஊரில் எல்லாம் மலிவு என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தொகையைக் கேட்டு வயிறு எரிந்தது. அந்தக் கண்ணாடி அறையில் செய்யாத வேலைக்கே 1,100 போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து ஐந்நூறைத் திருப்பித் தந்தார், அதற்கு மேல் வாதாட விடவில்லை. "500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாருங்கள், ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்" என்றார்.

அன்று மாலை பொள்ளாச்சி போனோம். முதல் வேகத்தடையில் பின்பக்கம் ஒரு முறை எழும்பி உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது வேகத்தடையில் அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, முந்தானையில் முடிந்துவைத்திருந்த கடலையை எடுத்தாள்.

நான் கிளம்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. எஃப்.சி. முடிந்துவிட்டது என்று அப்பா நேற்று அழைத்துச் சொன்னார். சொன்னபடி 500 கிலோமீட்டரில் பட்டறைக்கும் போயிருக்கிறார். வலது பக்கம் கால் சுற்றுக்கூட இழுக்கவில்லையாம். கோயம்புத்தூரில் மாட்டிய இடது பக்கத்தை ஒன்றரைச் சுற்று இறுக்க வேண்டியிருந்ததாம்.