தாம்பரம் பக்கம் ஒரு பள்ளி வேன்: ஐந்து மாத அனுபவம்

ஏசி கிடையாது. வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்கும் வசதியும் கிடையாது. மாதம் 1,800 ரூபாய், பையன் முன்பு போன வேனைவிட 300 அதிகம். இருந்தாலும் அடுத்த வருடமும் இதே வேன்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

மகன் ஐந்தாம் வகுப்பு. பேசும்போது கொஞ்சம் திக்கும். பழைய வேனில் கடைசி சீட் பெரிய பையன்கள், வழியில் வரும் கடைப் பலகைகளை அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்களாம். திக்கியதும் மொத்த வேனும் சிரிக்கும். தினமும். எங்களுக்கு இரண்டு மாதம் எதுவும் தெரியாது. ஞாயிறு இரவானால் வயிற்றுவலி, "நீங்களே பைக்ல விடுங்கப்பா" என்று கெஞ்சல். நாங்கள் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்து அந்த வேன்காரரிடம் போனால், "பசங்கன்னா அப்படித்தான் சார், விளையாட்டு" என்றார். விளையாட்டு என்றால் ஒருநாளாவது மற்றவன் முறை வந்திருக்க வேண்டாமா?

இந்த வேனைக் கணவர் ஓட்டுகிறார், மனைவி கூடவே வருகிறார். பிள்ளைகளுக்கு அவர் வேன் அக்கா. மொத்தம் 13 பிள்ளைகள். யார் எங்கே உட்காருவது என்பது அக்கா முடிவு.

மூன்றாவது வாரம் இங்கேயும் ஒருவன் ஆரம்பித்தான். பையன் வீட்டில் வாய் திறக்கவில்லை. அக்காதான் போன் செய்தார். "எல்லாரும் சிரிச்சாங்க சார், தம்பி மட்டும் ஷூவையே பார்த்துட்டு இருந்தான்." மறுநாள் சீட் மாறியது. என் மகனுடையது அல்ல, அந்தப் பையனுடையது. டிரைவருக்கு நேர் பின்னால். ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணிடம், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். கேலி செய்தவனின் அம்மாவிடம் தனியாகப் பேசினார். வகுப்பு டீச்சருக்கும் சொன்னார்.

எனக்கு ஆத்திரம். எல்லார் முன்னாலும் அவனை மன்னிப்புக் கேட்க வைக்கச் சொன்னேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இங்க ஸாரி சொல்ல வெச்சுடலாம் சார். ஸ்கூல்ல இறங்கினப்புறம் அதுக்கும் சேர்த்து தம்பிதான் வாங்குவான்." அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில், சிரிக்க ஆள் இல்லாமல் அந்தப் பையனுக்கே அலுத்துவிட்டது.

2012 ஜூலையில் முடிச்சூர் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. அதன்பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. பள்ளி திறக்கும் முன் தளம், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கடைசி சீட்டில் நடப்பதைப் பார்க்க, பின்னால் திரும்பிப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும். பழைய வேனில் கேமரா இருந்தது. பதிவை யாரும் போட்டுப் பார்த்ததே இல்லை.

இந்த வேனில் கதவருகே 1098, 14417 இரண்டு எண்களும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டியிருக்கின்றன. முதலாவது குழந்தைகள் உதவி எண், அடுத்தது பள்ளிக் கல்வித் துறையுடையது. என் மகன் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்கிறான்.

குறைகளும் உண்டு. மழை நாளில் இருபது நிமிடம் தாமதம் சாதாரணம், போன் செய்தால் எடுப்பதில்லை. மே மாதம் வண்டி ஓடாது, ஆனால் பாதிக் கட்டணம் கேட்கிறார்கள்; இதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். பாட்டுச் சத்தத்தையும் குறைக்கலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஜூனில் இரண்டு இடம் காலியாகிறதாம். சேர்ப்பவர்கள் முதல் நாளே ஜன்னல் சீட் கேட்டு நிற்க வேண்டாம், அக்கா தரமாட்டார்.