டிரேட்மார்க் விண்ணப்பத்தை நாமே ஆன்லைனில் போடலாமா: சில வருட அனுபவம்

போடலாம். ஈரோடு பக்கம் சின்ன அளவில் மசாலாப் பொடியும் செக்கு எண்ணெயும் தயாரித்து விற்கிறோம். முதல் பிராண்டுக்கு நாங்களே விண்ணப்பித்து, சான்றிதழ் கையில் வந்து, அப்புறம் வேறு பெயர்களுக்கும் போட்டாயிற்று. எல்லாவற்றுக்கும் அதே டிஎம்-ஏ என்கிற விண்ணப்பப் படிவம்தான். டைப் பண்ணும் வேலை கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். ஆனால் அதில் சில கட்டங்கள் இருக்கின்றன, அங்கே என்ன எழுதுகிறோமோ அதுதான் அடுத்த 10 வருடத்துக்கு நம் உரிமையின் எல்லை, அதனால் அவற்றை முன்னாடியே ஒரு தாளில் எழுதி முடிவு பண்ணாமல் டிரேட்மார்க் பதிவுத் தளத்தில் லாகின் பண்ண வேண்டாம்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் வேண்டும். சொந்தப் பெயரிலேயே தொழில் செய்பவர் தனிநபர் கணக்கில் போட்டுவிடலாம். இது போக டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன், கிளாஸ் 3 வகை. எங்களுக்கு அதை விற்றவர் காசு வாங்கியதோடு சரி, டிரைவர் ஏறவில்லை என்று கூப்பிட்டால் போனே எடுக்கவில்லை. தெரிந்த கம்ப்யூட்டர் பையனை வைத்துச் சரிபண்ணினோம். டோக்கனுக்குக் காலாவதித் தேதி உண்டு, பின்னால் பதில் எதுவும் தாக்கல் செய்ய வேண்டி வந்தால் மறுபடியும் அதுதான் வேண்டும் என்பதால் ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்குவது சிக்கனமில்லை.

தேடலை யாரும் அவசரமாக முடிக்க வேண்டாம். நம் பெயரை ஏற்கெனவே யாராவது போட்டிருக்கிறார்களா என்று அதே தளத்தில் பார்க்கிற பொதுத் தேடல் இலவசம்தான். நம் பெயரை ஒரே ஒரு ஸ்பெல்லிங்கில் போட்டுப் பார்த்துவிட்டு ‘யாரும் வைக்கவில்லை’ என்று சந்தோஷப்படுகிறார்கள். அமுதம் மாதிரி ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அத்தனை விதத்திலும் தேட வேண்டும், ஒலி ஒற்றுமைத் தேடலையும் போட்டுப் பார்க்க வேண்டும். காதில் ஒரே மாதிரி கேட்டாலே டிரேட்மார்க் சட்டத்தின் 11-வது பிரிவில் ஆட்சேபணை வரலாம். 9-வது பிரிவு இன்னொரு பக்கம்: ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ என்று பொருளையே வர்ணிக்கிற பெயரை ஒருத்தருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்து வகுப்பு, நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். மொத்தம் 45 வகுப்புகள், 1 முதல் 34 வரை பொருட்கள், மீதி சேவைகள். நம் கடையில் ஒரே அலமாரியில் இருப்பதெல்லாம் ஒரே வகுப்பு என்று நினைக்கத் தோன்றும். சாம்பார் பொடியும் இட்லிப் பொடியும் 30. சமையல் எண்ணெய் 29, ஊறுகாயும் 29. அதே பெயரில் கடை திறந்து மற்றவர்கள் சரக்கையும் விற்பதாக இருந்தால் 35. ஆகப் பொடிக்கும் எண்ணெய்க்கும் ஒரே பெயர் என்றால் கட்டணம் இரண்டு மடங்கு. ஒரே படிவத்தில் பல வகுப்புகளைச் சேர்க்க வழி இருக்கிறது, இருந்தாலும் நாங்கள் தனித்தனியாகத்தான் போடுகிறோம், ஒன்றில் ஆட்சேபணை வந்தால் மற்றது அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். பொருள் விவரத்தை இன்று விற்பதோடு நிறுத்தாமல், உண்மையிலேயே விற்கப் போவதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழை மாதிரி சின்னத் திருத்தத்துக்கு டிஎம்-எம் என்று ஒரு படிவம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் இல்லாத பொருளைப் பின்னால் நுழைக்க முடியாது. அதுக்காக வகுப்பில் உள்ள எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை; பதிவான பிறகு 5 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமலே கிடந்தால் அதை நீக்கச் சொல்லி மற்றவர்கள் மனுப் போடலாம்.

பெயரை வெறும் சொல்லாகப் போடுவதா, லோகோவாகப் போடுவதா? கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் காசு என்றால் நான் சொல்லைத்தான் போடுவேன். லோகோவை டிசைனர் ரெண்டு வருடத்தில் மாற்றிவிடுவார், சொல் அப்படியே இருக்கும். லோகோ போட்டே ஆக வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தைக் குறிப்பிட்டுக் கேட்காதவரை எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. லேபிளில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். ‘இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்’ என்று போட்டால் எந்த ஆவணமும் வேண்டாம், அந்த வசதிக்காகவே பல வருடம் விற்றவர்கள்கூட அப்படிப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். நம் ஊர்ச் சட்டத்தில் முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்பு அதிகம். பழைய பில், லேபிள், விளம்பர நோட்டீஸ் எல்லாம் தேடி எடுத்து, அபிடவிட் போட்டு நிஜத் தேதியைக் கொடுங்கள். பில் இல்லாத தேதியை அள்ளி விடவும் வேண்டாம், நாளைக்கு யாராவது எதிர்த்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

மின்னஞ்சல் கட்டத்தில் ஆடிட்டருடையதையோ வேலைக்கு இருக்கும் பெண்ணுடையதையோ கொடுக்காமல் சொந்தமாகத் தினமும் பார்க்கிறதைக் கொடுங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆட்சேபணை சொல்கிற ஆய்வறிக்கை வந்தால் 30 நாளில் பதில் போக வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடலாம்.

பணம் கட்டியதும் எண் வந்துவிடும், அன்றிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் மட்டும் பதிவான பிறகுதான், அதற்கு முன்னால் போடுவது சட்டப்படி தப்பு. ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமை தோறும் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் பிரசுரமாகும், 4 மாதம் வரை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். அலுவலகம் சொல்லும் ஆட்சேபணைக்கான பதில் வரை நாமே எழுதிப் பார்க்கலாம். வெளியாள் எதிர்ப்பு என்று வந்துவிட்டால் நேராக இந்தத் துறை வக்கீலிடம் போய்விடுங்கள், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொரு தொல்லை, விண்ணப்ப விவரம் பொதுவில் தெரியும் என்பதால் ‘உங்கள் டிரேட்மார்க் ரத்தாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று போன் வந்துகொண்டே இருக்கும். எண்ணைப் போட்டு நிலவரப் பக்கத்தில் நாமே பார்த்துக்கொண்டால் போதும். 10 வருடம் முடிந்து புதுப்பிக்க டிஎம்-ஆர் படிவம், ஆன்லைனில் வகுப்புக்கு 9,000, அதில் தனிநபருக்குச் சலுகை கிடையாது, இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.