மூன்று கோடை தாண்டிய ஏர் கூலர்

மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்னுடையது. கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். பகல் முழுக்க எடிட் செய்துவிட்டு, ராத்திரி சாப்பிடப் போகும்போது எக்ஸ்போர்ட் போட்டுவிடுவேன், எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக்கும் வேலை அது. கத்திரி வெயில் நாட்களில் இந்த அறை அதிகமாகக் கொதிப்பது மத்தியானத்தில் இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவு 8, 9 மணிக்குத்தான் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் அப்போது 36 டிகிரி காட்டும். கம்ப்யூட்டர் உயிரைக் கொடுத்து உழைப்பதும் அதே நேரத்தில்தான். நான் சொல்வது அறைக்கு வைக்கும் ஏர் கூலர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ப்ராசஸர் மேல் உட்கார்ந்து, தகடுகளாலும் ஃபேனாலும் அதன் சூட்டை இறக்கும் கூலர். அதை வாங்க யோசித்தபோது இதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டேன்.

2023 பிப்ரவரியில் ரைசன் 5 3600 ப்ராசஸரை எடுத்துவிட்டு ரைசன் 7 5800எக்ஸ் போட்டேன். பி450 மதர்போர்டு அப்படியே இருந்தது, மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் முதலிலேயே அப்டேட் செய்துகொண்டேன். 3600-இன் பெட்டியிலேயே ஒரு சின்னக் கூலர் வந்தது. 5800எக்ஸ் பெட்டியில் கூலர் கிடையாது. பழையதையே மாட்டலாமா என்றால், தாங்காது. பெட்டியில் 65 வாட், 105 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூலர் வாங்கக் கூடாது. 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும், 5800எக்ஸ் 142 வாட் வரை போகும். அதிலும் பெரும்பகுதி சூடு, சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானிலிருந்து வருகிறது. சுண்டுவிரல் நகத்தளவு இடம். கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தச் சின்ன இடத்திலிருந்து சூட்டை வாங்கி வெளியே எடுத்து வருவதில்தான் சிரமமே.

"அண்ணே, இந்த ப்ராசஸருக்கு லிக்விட் கூலர்தான் சரிப்படும்" என்றார் கடையில் இருந்த தம்பி. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் திரவத்தைச் சுற்றவிடும் பம்ப் நின்றுவிட்டால் அன்றைக்கு வேலை போச்சு. சீசன் நேரத்தில் எனக்கு அது கட்டுப்படியாகாது. ஏர் கூலரில் ஓடுகிற பாகம் ஃபேன் மட்டும்தான். 120 மி.மீ. ஃபேன் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. 'முழு லோடில் 75 டிகிரி' என்று ஒரு விமர்சனத்தில் படித்தால், அவர்கள் சோதித்த அறை எத்தனை டிகிரி என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏசி போட்ட அறையாகத்தான் இருக்கும். அதே கூலர் என் அறையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடவே காட்டும். அதனால் அறைச் சூட்டுக்கும் ப்ராசஸர் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். 5800எக்ஸ்-க்கு எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் அறையின் 36-ஐக் கழித்தால் கையில் மிஞ்சுவது 54 டிகிரிதான்.

என் கம்ப்யூட்டர் கேபினட்டில் 160 மி.மீ. உயரத்துக்கு மேல் கூலர் வைக்க முடியாது. 165 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்ஹெச்-டி15 அப்போதே கழிந்துவிட்டது. டீப்கூல் ஏகே400 உயரத்தில் பொருந்தியது. ஆனால் தகடுகளை அடுக்கிய கோபுரம் ஒன்றுதான், சூட்டை அதற்கு ஏற்றும் ஹீட் பைப் குழாய்களும் நாலுதான். 3600-ஐ வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கியிருப்பேன். கடைசியில் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வாங்கினேன். இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன், உயரம் 155 மி.மீ. நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய கூலரைக் கழற்றியபோதுதான் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. நாலு ஸ்குரூவையும் எடுத்துவிட்டு நேராகத் தூக்கினேன். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட், மதர்போர்டில் பூட்டியிருந்த சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்த ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள். ஓரத்தில் இரண்டு சாய்ந்திருந்தன. லெட் பென்சிலிலிருந்து லெட்டை எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்த்தினேன். அந்த ப்ராசஸர் இப்போது தங்கை மகன் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. நீங்கள் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்கிவிடுங்கள். ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடவலமாகத் திருகித் திருகி எடுங்கள். தூக்கவே கூடாது.

பிப்ரவரி இரவில் அறை 28, முழு லோடில் ப்ராசஸர் 81. வித்தியாசம் 53. மே மாதம் அறை 36-க்குப் போனதும் கணக்குப் பிசகாமல் 89-க்கு வந்து நின்றது. ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. பயாஸில் 65 வாட் ஈகோ மோடைப் போட்டேன், ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு அது. பெட்டியில் போட்டிருக்கும் எண் மாதிரியே இந்த 65-ம் பெயருக்குத்தான், ஆனால் அப்போது ப்ராசஸர் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. அதே அறையில் 70 டிகிரிக்கு இறங்கியது. 40 நிமிடம் ஆன எக்ஸ்போர்ட் 43 நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்தை நான் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். அன்றிலிருந்து கோடையில் ஈகோ மோட், ஐப்பசி மழை பிடித்ததும் பழையபடி முழு வேகம்.

இன்னொன்றும் செய்தேன். இந்த ப்ராசஸரில் பிரவுசரைத் திறந்தாலே ஒரு நொடியில் பத்து டிகிரி எகிறி, உடனே இறங்கிவிடும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு வீல் வீலென்று ஏறி இறங்கும். 65 டிகிரி வரை ஒரே வேகத்தில் ஓடு என்று பயாஸில் வைத்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியதால், சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் பவர் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்தது. கோபுரக் கூலரில் காற்று பின்பக்கமாகப் போய்விடும். அதனால் கேபினட்டின் பின்னால் ஒரு ஃபேன் கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாவது கோடையில் ஈகோ மோடிலேயே 77 காட்டியது. வித்தியாசம் 34-இலிருந்து 41-க்கு ஏறியிருந்தது. முன் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால், தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி தூசி. வெறும் தூசியாக இருந்தால் ஊதினாலே போயிருக்கும். தினமும் ஏற்றும் கொசுவத்திச் சுருளின் புகை அதைப் பிசினாக்கியிருந்தது. காய்ந்த பெயிண்ட் பிரஷால் தகடு தகடாக வருடி எடுத்துவிட்டு, பிறகு புளோயர் அடித்தேன். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக் கூடாது. அதில் 4 டிகிரி குறைந்தது. பேஸ்டைப் புதிதாக வைத்ததில் இன்னும் 3. மறுபடியும் 70. சுருளை இப்போது அறைக்கு வெளியே, வராந்தாவில் ஏற்றி வைக்கிறோம்.