விரலில் குத்திப் பார்ப்பதா, கையில் சென்சார் ஒட்டுவதா: வீட்டில் சர்க்கரை அளக்க யாருக்கு எது?

சர்க்கரை நோய் உள்ளவர் மருத்துவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட நாட்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் இருக்கும் கருவிதான் சொல்ல வேண்டும். பல காலமாக அந்த வேலையைச் செய்துவருவது குளுக்கோமீட்டர். இப்போது அதற்குப் போட்டியாக, தோலில் ஒட்டிக்கொண்டு இரவு பகலாக அளக்கும் சென்சார் வந்திருக்கிறது. புதியது என்பதற்காகச் சென்சாரை வாங்க வேண்டியதில்லை, பழகியது என்பதற்காக மீட்டரோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டும் அளக்கும் இடமே வேறு. குளுக்கோமீட்டர் விரல்நுனி ரத்தத்தை அளக்கிறது. ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும், அதைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. சென்சாரின் மெல்லிய இழையோ தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில் இருக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சார் கொஞ்சம் பின்தங்கியே வரும்.

துல்லியத்தில் மீட்டரையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதிப்படி, ஆய்வகத்தில் 200 என்று வரும் ரத்தத்துக்கு மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது ஏற்கத்தக்க அளவுதான். இதோடு கழுவாத கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

சரி, சென்சார் எங்கே ஜெயிக்கிறது? இரவில். இன்சுலின் போடுபவருக்குத் தூக்கத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், மீட்டர் மேசையில் சும்மா கிடக்கும். பல வருடங்களாக நோய் இருப்பவர்களில் சிலருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கை அறிகுறிகளே வராமல் போய்விடும். அவர்களுக்குச் சென்சாரின் அலாரம் உயிர்காக்கும் விஷயம். குழந்தைக்கு டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகைச் சர்க்கரை நோய் இருந்தால், அந்த அலாரம் பக்கத்து அறையில் தூங்கும் பெற்றோரின் போனிலும் அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஈடாக மீட்டரால் எதையும் தர முடியாது.

அப்புறம், திசை. மீட்டர் 110 என்று மட்டும் சொல்லும். சென்சார் 110 என்று சொல்லி, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் காட்டும். வண்டி ஓட்டக் கிளம்பும் இன்சுலின் நோயாளிக்கு அந்த அம்புக்குறிதான் முக்கியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் சென்சார் ஒரு நாளில் 288 அளவுகள் எடுக்கிறது, யாரும் அத்தனை முறை விரலைக் குத்திக்கொள்ள முடியாது. 2017இல் வெளியான டைமண்ட் ஆய்வு, தினமும் பல ஊசி போடும் டைப் 1 பெரியவர்களிடம் நடந்தது. 24 வாரங்களில், சென்சார் அணிந்தவர்களின் எச்.பி.ஏ.1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 0.6 சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது.

எச்.பி.ஏ.1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அது 7 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 154. நாள் முழுக்க 150ஐ ஒட்டி இருப்பவருக்கும் அதே 7 வரும், 50க்கும் 280க்கும் நடுவே அல்லாடுபவருக்கும் அதே 7 வரலாம். இந்த வித்தியாசத்தைச் சென்சார்தான் தெளிவாகக் காட்டும். ஒரு நாளில் 70க்கும் 180க்கும் இடையே எத்தனை நேரம் இருந்தோம் என்பதை அது கணக்கிடுகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது 2019இல் நிபுணர்கள் வகுத்த சர்வதேச இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு.

ஆனாலும் சென்சார் போட்டவர் மீட்டரைத் தூக்கிப் போடக் கூடாது. ஒட்டிய பக்கமாகப் படுத்தாலே சென்சார் பொய்யாக 'லோ' (சர்க்கரை குறைவு) காட்டலாம். சில சென்சார்களில், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் எண் பொய்யாக ஏறும். லோ சுகருக்கு இனிப்பு சாப்பிட்ட பிறகும் சென்சார் உடனே ஏற்றம் காட்டாது. பயத்தில் மேலும் மேலும் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் எண் எங்கேயோ போய் நிற்கும். அந்த நேரத்திலும், உடம்பு ஒன்று சொல்லிக் கருவி வேறு சொல்லும்போதும், விரலில் குத்திப் பார்ப்பதுதான் வழி.

மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு நான் சென்சாரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த மருந்தால் மட்டும் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. சாப்பாட்டுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் என வாரத்தில் சில நாட்கள் மீட்டரில் பார்த்து, நேரத்தோடு எழுதிவைத்தால் மருத்துவருக்கு அது போதும். ஒவ்வொரு ஏற்றத்தையும் போனில் பார்த்துப் பார்த்துச் சிலர் நிம்மதி இழந்துவிடுவதும் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கதை வேறு. அவை லோ சுகரைக் கொண்டுவரும், குறிப்பாக முதியவர்களுக்கு. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் ஒரு சென்சார் போட்டுப் பார்க்கலாம். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால், மருந்தை அதற்கேற்ப மாற்றிவிட்டு மீட்டருக்கே திரும்பலாம்.

குத்தவே வேண்டாம், கையில் கட்டினால் போதும் என்று விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, அதில் தவறில்லை. தானே அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்தை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்யாதீர்கள்.