ஜூம் எண் சொல்லாத கணக்கு: பெங்களூரு ஏரிகளுக்கு ஏற்ற, பைக்குள் அடங்கும் கேமரா எது?

பெங்களூருவில் ஏரிப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் கேமரா வாங்க நினைத்ததும் முதலில் கேட்பது, பைக்குள் அடங்குபவற்றில் எதற்கு ஜூம் அதிகம் என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் எண் அதுவே என்பதால் அந்தக் கேள்வி இயல்பானது. ஆயினும் பானசோனிக் லூமிக்ஸ் வரிசையின் இரண்டு கேமராக்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த எண் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பது விளங்கும். 2018இல் வந்த டி.இசட்.200க்கு 15 மடங்கு ஜூம். 2019இல் வந்த டி.இசட்.95க்கு 30 மடங்கு. பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு இணையாகக் கணக்கிட்டால் முன்னது 24 முதல் 360 மி.மீ. வரையும், பின்னது 24 முதல் 720 மி.மீ. வரையும் எட்டுகிறது. எடையோ 340 கிராம், 328 கிராம் என்று ஏறத்தாழ ஒன்றுதான்.

இப்போது அந்த லென்சுகளின் உண்மையான குவியத் தொலைவைப் பார்க்க வேண்டும். முழு ஜூமில் டி.இசட்.200இல் அது 132 மி.மீ.; டி.இசட்.95இல் 129 மி.மீ. இரண்டிலும் அந்நிலையில் துளையின் அளவு எஃப் 6.4; குவியத் தொலைவைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வரும் எண் அது. அதாவது, ஒளி நுழையும் வாய் இரண்டுக்கும் சுமார் 20 மி.மீ. அகலம். ஒரே பறவையை ஒரே இடத்தில் நின்று எடுத்தால், பிம்பத்தைப் பதிவு செய்யும் இரு சென்சார்களின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள பிம்பம், ஒரே அளவு ஒளியோடு விழுகிறது. பிறகு 720 என்னும் எண் எங்கிருந்து வந்தது? சென்சார் சிறியதாக இருப்பதிலிருந்து வந்தது. டி.இசட்.200இன் ஓர் அங்குல வகைச் சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ.; மற்றதன் சென்சார் பரப்பில் அதன் கால் பங்குதான். சிறிய சென்சார் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அதே 20 மெகாபிக்சலாகப் பொடிப்பொடியாகப் பங்கிடுகிறது.

அப்படிப் பங்கிடுவதால் நுணுக்கம் கூடாதா என்று கேட்கலாம். கூடும், ஆனால் பாதியளவுகூட அல்ல. அறுபது மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருக்கும், அரை மீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன நீர்க்காகம் டி.இசட்.200இல் சுமார் 450 பிக்சலும், டி.இசட்.95இல் சுமார் 900 பிக்சலும் பிடிக்கும். ஆனால் எஃப் 6.4 துளை வழியே வரும் ஒளி, துளையின் விளிம்பில் அலையாக விரிவதால், ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாமல் ஏறத்தாழ 8.6 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விட்டமுள்ள வட்டமாகவே காட்டுகிறது. டி.இசட்.95இன் ஒரு பிக்சல் 1.2 மைக்ரான் அகலமே ஆகையால் அந்த வட்டம் ஏழு பிக்சல்களின் மேல் படர்ந்துவிடுகிறது. கூடுதலாகக் கிடைத்த பிக்சல்களில் பெரும்பகுதி, மங்கலையே இன்னும் நுணுக்கமாகப் பதிவு செய்கிறது. இதை அறிந்தபின் 30 என்ற எண்ணுக்காக டி.இசட்.95ஐத் தேர்ந்தெடுக்க என் மனம் ஒப்பவில்லை.

முழு ஜூமில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றால், மற்ற இடங்களில் பெரிய சென்சாருக்கே வெற்றி. லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சியை எடுக்கும்போதோ, அல்சூர் ஏரிக்கரையிலுள்ள தமிழ்ச் சங்கத்தின் மேடை நிகழ்ச்சியை எடுக்கும்போதோ சட்டகம் முழுவதும் நமக்குத் தேவைப்படுகிறது. ஒரே துளையளவில், ஒரே சட்டகத்துக்கு, நான்கு மடங்கு பரப்பு நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும், ஆகவே டி.இசட்.200இல் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவு 1600இல் கிடைக்கும் படம், மற்றதில் 400இல் கிடைக்கும் படத்துக்கு நிகராக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடியே கிடக்கும் இந்த ஊரில் இது சிறிய செய்தி அல்ல. அடர்ந்த மேகத்தின் கீழ் எஃப் 6.4இல் பறக்கும் செம்பருந்தை 1/1000 நொடியில் உறையவைக்க ஐ.எஸ்.ஓ. ஆயிரத்தை எட்டியாக வேண்டும்.

தொலைவு ஒன்றே குறிக்கோள் என்பவர்களுக்கு 2018இல் வந்த கேனான் எஸ்.எக்ஸ்.740 உண்டு. இதுவும் சிறிய சென்சார்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயமன்று. இதன் லென்சு 172 மி.மீ., துளை எஃப் 6.9, ஒளி வாய் 25 மி.மீ. ஆகவே தொலைவில் அசையாமல் நிற்கும் கூழைக்கடாவிடமிருந்து இது பானசோனிக் இரண்டையும்விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளியை உண்மையாகவே திரட்டுகிறது. ஆனால் இதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவான ரா கோப்பும் இல்லை. பிலிம் கணக்கில் 960 மி.மீ. ஆகும் அந்த முழு நீளத்தில், கையை நீட்டிப் பிடித்து, வெயில் பட்டு வெளிறிய திரையில் பறவையைத் தேடுவது எளிதன்று. முகத்தோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கண்துளை இருந்தால் கை நடுக்கமும் குறைகிறது. ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் படகு அசையும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாம் பதிப்பு 24 முதல் 200 மி.மீ. வரை மட்டுமே. துளை எஃப் 2.8 முதல் 4.5; குவியத்தை விடாமல் பற்றி நொடிக்கு 20 படம் எடுக்கும் திறனில் மற்ற மூன்றும் இதன் அருகில் வரமுடியாது. மேடைக்கும் குழந்தைகளின் ஓட்டப்பந்தயத்துக்கும் இதுவே சிறந்தது. ஏரிக்கு மட்டும் போதாது: அதே நீர்க்காகம் இதில் 250 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அமெரிக்காவில் அறிமுகமானபோது கேனான் 400 டாலர், டி.இசட்.200 800 டாலர், சோனி 1200 டாலர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலையத் தொடங்கிவிட்டால் எந்த நீள லென்சும் இறகைப் பிரித்துக் காட்டாது. எனவே ஹெப்பாலிலோ மடிவாளத்திலோ விடியற்காலையில் படமெடுத்து, பகலில் ஊரையும் வீட்டையும் எடுக்கும் ஒருவருக்கு நான் சொல்வது டி.இசட்.200தான். இவை எதுவும் தூசு புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல. ஜூம் நீளும்போதெல்லாம் உள்ளே காற்று இழுபடுகிறது. பழைய கேமராவாக வாங்குபவர்கள் லென்சை முழுதாக நீட்டி, துளையை எஃப் 8க்குக் குறுக்கி, வெள்ளைச் சுவர் ஒன்றைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சாம்பல் நிறப் புள்ளிகள் தென்படாவிட்டால் மட்டுமே பணத்தைக் கொடுக்கவேண்டும்.