கிளட்ச் போன பழைய கார்: சரிசெய்து விற்பதா, அப்படியே கொடுப்பதா?

எங்கள் வீட்டுக் கார் 2011 மாடல். பெட்ரோல், சிங்கிள் ஓனர், 92,000 கிலோமீட்டர். அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு வாசலில் நின்று நின்றே பாதி கெட்டுவிட்டது. மேட்டில் ஏற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஏசி குளிராது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் சத்தம். இடது கதவில் துரு. எல்லாவற்றையும் சரிசெய்துதான் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான் தம்பி. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனமில்லை.

அப்பா பதினைந்து வருடமாக வண்டியை விடும் பட்டறையிலேயே கேட்டேன். கிளட்ச் செட் கூலியோடு 7,500, முன்பக்க சஸ்பென்ஷன் 9,000, ஏசி கம்ப்ரசர் 14,000, டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் 22,000. மொத்தம் 52,500 ரூபாய். இவ்வளவும் செய்தால் 1,50,000 போகும், இப்படியே கொடுத்தால் ஒரு லட்சம் கிடைக்கும் என்றார் மெக்கானிக் அண்ணன். அதாவது முழுதாகச் சரிசெய்தால் கையில் நிற்பது 97,500. பட்டறைக்கு நடையாய் நடந்து, அப்பாவின் சேமிப்பிலிருந்து முன்பணமும் போட்டு, கடைசியில் 2,500 ரூபாய் நஷ்டம்.

ஆனால் எல்லா ரிப்பேரும் ஒன்றல்ல. பெயிண்ட் செலவு பெரும்பாலும் திரும்ப வராது. பழைய வண்டியில் ஒரு கதவு மட்டும் பளபளவென்று இருந்தால், வருகிறவர் முதலில் கேட்பது “எங்க இடிச்சீங்க?” என்பதுதான். ஏசியும் அப்படித்தான், வாங்குபவர் தனக்குத் தெரிந்த இடத்தில் குறைந்த செலவில் பார்த்துக்கொள்வார். கிளட்ச் வேறு கதை. ஓட்டிப் பார்க்க முடியாத வண்டிக்கு யாரும் நியாயமான விலை சொல்வதில்லை. கிளட்ச் மட்டுமா, எஞ்சினும் போயிருக்குமா என்ற பயத்துக்கும் சேர்த்துக் குறைத்துக் கேட்பார்கள். பிரேக், டயர், பேட்டரி விஷயத்திலும் இதே கணக்குதான்.

அடுத்து, யாரிடம் விற்பது. ஆன்லைனில் பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனம் முதலில் 1,25,000 வரை காட்டியது. ஆள் வந்து பார்த்த பிறகு 78,000. புரோக்கர் 80,000 சொன்னார், அன்றைக்கே பணம். நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்றால் இருபது முப்பதாயிரம் கூடுதலாக வரும், ஆனால் போன் எடுத்து எடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எங்களுக்கு ஏழு மாதம்தான் பாக்கி. சொந்த வண்டிக்கு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000. பசுமை வரி தனி. சரி, நாமே புதுப்பித்து விற்கலாமே என்றால், காலாவதிக்கு 60 நாள் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். அதுவரை வண்டி இன்னும் கெடும். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்வதே மேல்.

இந்த மொத்தக் கணக்கையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது பெயர் மாற்றம். புரோக்கர் தேதி போடாத 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் கேட்டார், “பார்ட்டி கிடைச்சதும் மாத்திடுவோம் சார்.” அதுவரை வண்டி யார் கையில் ஓடினாலும் ஆர்சியில் இருப்பது அப்பா பெயர். பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று வருடங்கள் ஆகிவிட்டன என்பது அங்கே எடுபடவில்லை. எழுபது வயதில் அப்பா நீதிமன்றப் படியேற நான் விடமாட்டேன்.

வியாபாரியிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஆர்டிஓ அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் 29சி படிவம் மூலம் வண்டியை ஒப்படைத்தால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். எங்கள் புரோக்கரிடம் அது இல்லை.

காயலான் கடை விலை சுமார் 20,000. எஞ்சின் உயிரோடு இருக்கும் வண்டிக்கு அது வழியல்ல. எஞ்சினே போயிருந்தால்கூட, அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்சியை ரத்து செய்துவிட வேண்டும். இல்லையென்றால் இல்லாத வண்டி பெயரில் இருந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் கிளட்ச்சை மட்டும் மாற்றினோம். ஏசி, சஸ்பென்ஷன், துரு மூன்றையும் விளம்பரத்திலேயே எழுதிப் போட்டோம். விளம்பரம் போட்ட பதினெட்டாவது நாள், புதிதாகக் கார் ஓட்டப் பழகியிருந்த ஒரு தம்பதி 1,18,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். கிளட்ச் செலவு போக 1,10,500. குறைகளை முன்பே சொன்னதால் பேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, அப்பாவுக்கும் மனம் சமாதானமானது. பத்தாயிரத்தை நிறுத்திவைத்து, ஆர்சியில் பெயர் மாறியதும் தருவதாக அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே ஆர்டிஓ வேலையைத் தொடங்கினோம். ஃபாஸ்டாகை வங்கியில் மூடினேன். நோ க்ளெய்ம் போனஸுக்கு, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடிக்கு, இன்ஸூரன்ஸில் கடிதம் வாங்கினேன், மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படும். மூன்றாவது வாரம் புது ஆர்சியின் படத்தை அவர்கள் அனுப்பினார்கள், பத்தாயிரமும் வந்தது.