மஞ்சள் குஞ்சின் கண்: ஹட்டனில் ஒரு பறவைக் கடை

அந்தக் கடையோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. போன வருடம் “நல்ல சோடி டீச்சர்” என்று சொல்லிக் கொடுத்த இரண்டு மஞ்சள் லவ்பேர்ட்ஸுக்கு மண்முட்டி கட்டி, கணவாய் ஓடு தொங்கவிட்டு, எட்டு மாதம் முட்டைக்காகக் காத்திருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிவிட்டுச் சந்தோஷமாக இருந்தனவே தவிர, முட்டை வரவில்லை. இரண்டுமே ஆண்.

கடை ஹட்டன் பஜாரில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாம் லவ்பேர்ட்ஸ் என்று சொல்வது அவுஸ்திரேலியாவின் பட்ஜி கிளியை. அந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரர்கள் ஆபிரிக்கக் கிளிகள். ஆனால் கடையில் போய்ப் பட்ஜி என்று கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள், ஆகவே நானும் லவ்பேர்ட்ஸ் என்றே எழுதுகிறேன்.

பிழை எங்கே நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றி மெழுகு பூசியதுபோல் ஒரு பகுதி உண்டு. வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. பச்சைப் பறவைக்கு இந்த விதி சரி. ஆனால் என்னுடையவை லுட்டினோ, அதாவது செங்கண் உள்ள முழு மஞ்சள் வகை; அந்த வகை ஆணுக்கு அது நீலமாவதே இல்லை. கிழவனான பிறகும் குஞ்சுக்கு இருப்பதுபோல் ஊதா கலந்த ரோஜா நிறம்தான். கடைப் பையன் இரண்டில் சற்று ஊதாவாக இருந்ததை ஆண் என்றும், சற்று வெளிறியிருந்ததைப் பெண் என்றும் பிரித்துவிட்டான்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு பெண் குஞ்சுகள் வாங்குவதற்காக மறுபடி போனேன். வெளியே பனிமூட்டம், உள்ளே ஒரேயொரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் குஞ்சும் மஞ்சளாகத்தான் தெரியும். பையன் ஒரு குஞ்சைப் பிடித்து லுட்டினோ என்று நீட்டினான். வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளங்கையில் சூடாக, படபடவென்று அடித்துக்கொள்ளும் நெஞ்சோடு இருந்தது. கண்ணைப் பார்த்தேன். கறுப்பு. சிறகை மெல்ல விரித்தால் இறகோரங்களில் பென்சிலால் லேசாகக் கீறியதுபோல் சாம்பல் கோடுகள்.

“வளர வளரச் சிவக்கும் டீச்சர்” என்றான்.

சிவக்காது. லுட்டினோ முட்டையிலிருந்து வரும்போதே செங்கண்ணோடுதான் வரும். இவன் கொடுத்தது ஸ்பேங்கிள் என்ற வேறொரு நிற வகை. தாயும் தகப்பனும் ஸ்பேங்கிளாக இருந்து, இருவரிடமிருந்தும் அந்தக் குணம் சேர்ந்து வந்தால் குஞ்சு இப்படி முழு மஞ்சளாகிவிடும். அழகான பறவைதான். அதற்கு லுட்டினோ விலையான 1,800 ரூபாவைக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வாக்குவாதம் கேட்டுப் பின்னறையிலிருந்து முதலாளி தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். குஞ்சின் கண்ணை ஒருமுறை பார்த்தார், அந்தப் பையனை, தன் மகனை, ஒருமுறை பார்த்தார். “உள்ளே வாருங்கள் டீச்சர்” என்றார். இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்தப் பின்னறைக்காகத்தான்.

அங்கே தாய், தகப்பனோடு குஞ்சுகளைக் கூடு கூடாக வைத்திருக்கிறார். ஒரு கூட்டில் தகப்பன் லுட்டினோ, தாய் பச்சை, குஞ்சுகள் ஐந்து: மூன்று மஞ்சள், இரண்டு பச்சை. மூக்கைப் பார்க்கவே தேவையில்லை, மஞ்சள் மூன்றும் பெண், பச்சை இரண்டும் ஆண் என்றார். சரிதான். பறவைகளில் மகள் இந்த நிறக் குணத்தைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறுகிறாள். மகனுக்குத் தாயின் பங்கும் சேர்வதால் அவன் வெளியில் பச்சையாகிவிடுகிறான். சோடியை மாற்றி, தாய் மஞ்சளாகவும் தகப்பன் கலப்பில்லாத பச்சையாகவும் இருந்தால், எல்லாமே பச்சையாகத்தான் பொரிக்கும். 

இன்னொரு முட்டியைக் காட்டினார். மூன்று நாள் குஞ்சுகள், இறகில்லை, கண்ணும் திறக்கவில்லை. மூடிய தோலுக்கு அடியில் இரண்டுக்கு மிளகுபோல் கறுப்புத் தெரிந்தது, ஒன்றுக்கு மாதுளை முத்துப்போல் சிவப்பு. அது லுட்டினோவா என்று கேட்டேன். இப்போது சொல்லமாட்டேன் என்றார். சினமன் வகைக் குஞ்சுக்கும் முதல் சில நாட்கள் கண் அப்படித்தான் தெரியும், ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். பத்து நாளாகும்வரை அவர் விலை பேசுவதில்லையாம். மகன் இதில் பாதியைக் கற்றிருந்தால் என் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. தினை தூசியில்லாமல் சுத்தமாக இருக்கிறது. கணவாய் ஓடு கொள்ளை விலை. குஞ்சுகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். அதில் குத்திய துளைகள் போதாது, நான் பஸ்ஸில் இருந்தபடியே கொண்டைப்பின்னால் இன்னும் ஆறு குத்தினேன். பழைய ஆண்கள் இரண்டையும் திருப்பி எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. அரைக் கிலோ தினை இலவசமாகக் கொடுத்தார், அதோடு கணக்கு முடிந்ததாக அவர் நினைக்கிறார். கடைக்கு ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி கொடுப்பேன். போகிறவர்கள் மகனிடம் பேசாமல் முதலாளியைக் கேளுங்கள், தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள்.

புதிய பெண்கள் இரண்டும் இஸ்தோப்பில் தனிக் கூட்டில் இருக்கின்றன, இரவில் படங்குச் சாக்கு போர்த்துகிறேன். ஒரு வயதாகும்வரை முட்டி கட்டப்போவதில்லை. பக்கத்துக் கூட்டில் மூத்தவர்கள் இருவரும் ஊட்டிவிடுவதை நிறுத்திவிட்டு, கம்பியோரக் கொம்பில் யார் உட்காருவது என்று காலையிலிருந்து சண்டை போடுகிறார்கள்.